கடற்கரை வானம் 23: இரண்டு சந்திராக்கள்

மார்கழி இரவு ஒன்பது மணிக்குப் பொம்மையார்பாளையம் மணலில் நின்று அண்ணாந்தால் கார்த்திகைக் கூட்டம் உச்சிவானில் இருக்கும். கொஞ்சம் கிழக்கே செந்நிறத்தில் ரோகிணி. இரண்டுக்கும் நடுவில், ரோகிணிப் பக்கம் ஒதுங்கினாற்போல் ஒரு விண்மீன் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் விளக்கு எட்டாத மரக்காணம் உப்பளப் பக்கம் போனாலும் தெரியாது. ஒளித்தரம் பத்து; சிறிய தொலைநோக்கியாவது வேண்டும். பெயர் டி டாரி. தொலைவு சுமார் 470 ஒளியாண்டு.

ஒளித்தரம் பத்து என்றால், நல்ல இருட்டில் கண்ணுக்கு எட்டும் கடைசி விண்மீனைவிட 40 மடங்கு மங்கல் என்று பொருள். இந்தக் கணக்கைப் போட்டுத் தந்தவர் தொடரின் வாசகர்களுக்குத் தெரிந்தவர்தான். சென்ற இதழில் 1891இல் சென்னை மண்ணில் விட்டுவந்தோமே, அந்த வானியலர் நார்மன் போக்ஸன். ஐந்து படி இறங்கினால் நூறு மடங்கு மங்கல் என்ற அவருடைய 1856ஆம் ஆண்டு வரையறையை வானியலார் இன்றும் மாற்றவில்லை. இந்த இதழின் கதையும் அவர் வேலை பழகிய இடத்தில்தான் தொடங்குகிறது.

லண்டனில் ஜார்ஜ் பிஷப் என்ற செல்வந்தருக்குச் சொந்தமாக ஒரு வானாய்வுக்கூடம் இருந்தது. அதை நடத்தியவர் ஜான் ரஸ்ஸல் ஹைண்ட். 1851இல் போக்ஸன் அங்கே உதவியாளராகச் சேர்ந்தார், மறு ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டார். அதே 1852 அக்டோபரில் ஹைண்ட் ரிஷப ராசியில் ஒரு மாறொளி விண்மீனையும் அதையொட்டி ஒரு சிறிய ஒளிப்படலத்தையும் கண்டார். விண்மீன் மாறுவது புதிதல்ல. பக்கத்திலிருந்த படலமும் மாறியதுதான் புதிது. 1861இல் கோபன்ஹேகனில் டி ஆரெஸ்ட் என்ற வானியலர் தேடியபோது படலத்தையே காணோம். பல ஆண்டுகள் கழித்துத்தான் அது மறுபடி தலைகாட்டியது. படலத்துக்குச் சொந்த ஒளி கிடையாது, விண்மீனின் ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது, நடுவே தூசி குறுக்கிடும்போது நிழல் விழுகிறது என்ற விளக்கம் பின்னால் வந்தது. 1861 பிப்ரவரியில் சென்னைக்கு வந்துசேர்ந்த போக்ஸன் மாறொளி விண்மீன்களை விடாமல் பார்த்தவர். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ரெட்டிகுலம் கூட்டத்தில் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்த கதையைப் போன இதழிலேயே சொல்லியாயிற்று. இவர்கள் இருவருக்கும், ஏன் ஹைண்டுக்குமே, டி டாரி எதனால் மாறுகிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை. அதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது.

1945இல் மவுண்ட் வில்சனில் ஆல்ஃப்ரெட் ஜாய் இதே போக்குள்ள பதினொரு விண்மீன்களைத் திரட்டி, டி டாரி வகை என்று ஒரு குடும்பமாக்கினார். எல்லாம் இருண்ட தூசிமேகங்களை ஒட்டியே இருந்தன. எல்லாவற்றின் நிறமாலையிலும் பளிச்சென்ற கோடுகள். சில ஆண்டுகளில் ஆர்மீனியாவின் விக்டர் அம்பார்ட்சுமியான் இவை இளம் விண்மீன்கள், மேகத்திலிருந்து இப்போதுதான் பிறந்தவை என்றார். அது சரியாகவே முடிந்தது. இன்றைய கணக்கில் டி டாரி போன்றவற்றுக்கு வயது பத்து லட்சம் ஆண்டுகளின் சுற்றுவட்டாரம். சூரியனுக்கோ 460 கோடி. இவற்றைச் சுற்றி வாயுவும் தூசியும் கலந்த ஒரு வட்டு சுழல்கிறது. வட்டிலிருந்து வாயு விண்மீன்மேல் விழுந்துகொண்டே இருக்கிறது. சராசரியாகச் சூரிய எடையில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஆண்டுதோறும் விழும். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு நிலாவை அப்படியே உள்ளே போட்டதற்கு அது சமம்.

இவ்வளவு பொருள் விழுந்தால் சூடு பிறக்காதா? பிறக்கும். எவ்வளவு என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலிலேயே போட்டுப் பார்க்கலாம். சூரிய எடையும் சூரியனைப்போல் இரு மடங்கு ஆரமும் உள்ள இளம் விண்மீன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வட்டின் உள்விளிம்பிலிருந்து விழும் வாயு பரப்பை அடையும்போது நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கியிருக்கும். அங்கே அது சட்டென்று நிற்கும்போது வேகமெல்லாம் வெப்பமாகிறது. வெப்பநிலை இருபது முப்பது லட்சம் டிகிரி. அந்தச் சூட்டில் வாயு எக்ஸ் கதிர் விடும், மென்மையான எக்ஸ் கதிர். இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது லட்சத்தைப் பெரிதாகத் தாண்டாது. விழுகிற வேகத்துக்கு உச்சவரம்பு உண்டு, ஆகவே சூட்டுக்கும் உண்டு. பின்னால் நடந்த தகராறு முழுவதும் இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான்.

எக்ஸ் கதிரைத் தரையில் நின்று பார்க்க முடியாது. காற்றுமண்டலம் உச்சியிலேயே அதை விழுங்கிவிடும். பொம்மையார்பாளையத்தில் என்ன, பனிச்சிகரத்தில் ஏறி நின்றாலும் ஒன்றும் வராது. ராக்கெட் வேண்டும். 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜக்கோனியின் குழு நிலாவிலிருந்து வரும் எக்ஸ் கதிரைத் தேடி ஒரு ராக்கெட் விட்டது. நிலாவைக் கோட்டைவிட்டு, விருச்சிகத் திசையில் ஒரு பெரிய எக்ஸ் மூலத்தைக் கண்டுபிடித்தது. அடுத்த பத்தாண்டுக்குள் தும்பாவிலிருந்தும் நம்மவர்கள் எக்ஸ் கதிர்க் கருவிகளை ஏற்றி ராக்கெட் விட்டார்கள். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் யு. ஆர். ராவ் குழுவின் வேலை அது. 1975 ஏப்ரலில் போன ஆரியபட்டாவிலும் ஓர் எக்ஸ் கதிர்க் கருவி இருந்தது. மின்வழங்கல் பழுதாகி நாலைந்து நாளிலேயே ஆய்வுக்கருவிகளை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் இந்த முயற்சிகள் எல்லாம் நியூட்ரான் விண்மீன், கருந்துளை போன்ற பெருந்தனக்காரர்களைக் குறிவைத்தவை. டி டாரி போன்ற ஏழை விண்மீனின் எக்ஸ் கதிரைப் பிடிக்க ஆடிவைத்த தொலைநோக்கி தேவை.

அந்தத் தொலைநோக்கி 1978 நவம்பரில் ஐன்ஸ்டைன் என்ற பெயரோடு மேலே போனது. மறு ஆண்டே ஓரியன் பகுதியில் இளம் விண்மீன்கள் எக்ஸ் கதிரில் தெரிந்தன. 1981இல் எரிக் ஃபைகல்சனும் வில்லியம் டிகாம்ப்ளியும் டி டாரி வகை விண்மீன்களின் எக்ஸ் கதிரைப் பற்றி எழுதினார்கள். விழும் பொருளின் சூடு இதோ அகப்பட்டது என்றுதானே எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள்? வந்த கதிரோ வேறு மாதிரி. ஒரு கோடி டிகிரிக்கு மேல் சூடு. போதாக்குறைக்கு மணிக்கணக்கில் ஏறி இறங்கியது. கேட்டைக்குப் பக்கத்திலுள்ள ரோ ஒஃபியூக்கி இருண்ட மேகத்தை மீண்டும் மீண்டும் படமெடுத்த தியரி மோன்மெர்ல் குழு 1983இல் தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்றது. ஒரு முறை பார்த்தபோது எரிந்த விளக்கு மறுமுறை அணைந்திருந்தது, வேறொன்று எரிந்தது. சூரியனில் நடக்கும் தீப்பிழம்பு வெடிப்புகளின் நடத்தை இது. காந்தப்புலக் கோடுகள் முறுக்கேறி, அறுந்து, மறுபடி ஒட்டும்போது சூரியனில் வெடிப்பு நிகழ்கிறது. அதே சங்கதிதான், ஆனால் பல ஆயிரம் மடங்கு பெரிதாக.

அடுத்த அடி இன்னும் பலமாக விழுந்தது. 1986இல் ஃபிரெட் வால்ட்டர் எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு, வட்டே இல்லாத இளம் விண்மீன்களைக் கூட்டமாகக் கண்டெடுத்தார். அவற்றில் பொருள் விழவில்லை. வட்டைக் களைந்துவிட்டு நிற்கும் அவற்றுக்கு அவர் வைத்த பெயர் நிர்வாண டி டாரிகள். அவையும் எக்ஸ் கதிரில் பிரமாதமாக ஒளிர்ந்தன! விழ எதுவும் இல்லாத இடத்திலும் கதிர் வருகிறதென்றால் விழுவதற்கும் கதிருக்கும் தொடர்பில்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். சொன்னார்கள். 1990இல் போன ரோசாட் செயற்கைக்கோள் வானம் முழுவதையும் அலசி இத்தகைய விண்மீன்களை நூற்றுக்கணக்கில் சேர்த்துக்கொடுத்தது. வழக்கு முடிந்தது போலவே தோன்றியது. இளம் விண்மீனின் எக்ஸ் கதிர் காந்தத்தின் வேலை, விழும் பொருள் அதில் சேர்த்தியில்லை.

இங்கே நம் கதைக்குள் ஒரு சென்னைக்காரர் வருகிறார்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் பிறந்தது லாகூரில். படித்து வளர்ந்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும். 1930இல் கப்பலேறி, பிறகு சிகாகோவில் நிலைத்து, 1995இல் அங்கேயே காலமானார். நாசாவின் பெரிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குப் பெயர் தேடி நடந்த போட்டியில் ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள்; 1998இல் அவர் பெயர் தேர்வாயிற்று. 1999 ஜூலை 23 அன்று சந்திரா விண்ணுக்குப் போனது. நீள்வட்டப் பாதையில், பூமியிலிருந்து ஏறத்தாழ 1,40,000 கிலோமீட்டர் வரை அகன்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 64 மணி நேரம். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்களுக்கு ஒன்றரை மணிக்கொரு முறை பூமி குறுக்கே வந்து தொலையும். சந்திராவுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஒரே விண்மீனை நாள்கணக்கில் கண்கொட்டாமல் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் மரத்தைப் புரிந்துகொள்ள வேறென்ன வேண்டும்?

2003 ஜனவரியில் ஃபைகல்சன் தலைமையில் சந்திரா ஓரியன் ஒண்முகிலை 13 நாள் பார்த்தது. தெரிந்த எக்ஸ் மூலங்கள் 1,616. பெரும்பாலானவை இளம் விண்மீன்கள். அவற்றில் சூரிய எடை உள்ளவற்றைத் தனியே பிரித்துப் பார்த்தால் வாரத்துக்கொன்று என்ற கணக்கில் பெருவெடிப்பு. சில வெடிப்புகளில் வெப்பநிலை பத்துக் கோடி டிகிரியைத் தாண்டியது. மிகப் பெரிய வெடிப்புகளில் காந்த வளையங்கள் விண்மீனைவிடப் பல மடங்கு நீண்டிருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. அதாவது சுற்றியுள்ள வட்டைத் தொடும் நீளம். நம் சூரியனும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும். இன்றைக்கு விடுவதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் எக்ஸ் கதிரை அள்ளி வீசியபடி இருந்த சூரியனுக்குக் கீழேதான் பூமிக்கான கல்லும் மண்ணும் சேர்ந்துகொண்டிருந்தன.

ஓரியனிலும், பிறகு எக்ஸ்எம்எம் நியூட்டன் செயற்கைக்கோள் ரிஷப மேகங்களில் நடத்திய பெரிய ஆய்விலும் இன்னொரு விசித்திரம் வெளிப்பட்டது. பொருள் விழுந்துகொண்டிருக்கும் விண்மீன்கள் விழாதவற்றைவிட எக்ஸ் கதிரில் மங்கலாக இருந்தன, சராசரியில் ஏறக்குறைய பாதி. விழுவது ஒளியைக் கூட்ட வேண்டாமோ? குறைக்கிறதே! ஏனென்று இன்னும் சண்டை ஓயவில்லை. விழும் வாயுத் தூண்கள் எக்ஸ் கதிரை மறைக்கின்றன என்பார் சிலர். கனமான வாயு காந்த வளையங்களுக்குள் புகுந்து அவற்றைச் சூடேறவிடாமல் செய்கிறது என்பார் வேறு சிலர். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில் விழுகிற விதத்தைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். வட்டு விண்மீனைத் தொட்டுக்கொண்டு இருப்பதில்லை. விண்மீனின் காந்தப்புலம் வலிமையானது. சூரியனில் கரும்புள்ளிகளுக்குள் மட்டும் இருக்கும் ஆயிரக்கணக்கான காஸ் அளவுப் புலம் இவற்றில் பரப்பு நெடுகக் காணக் கிடைக்கிறது. அது வட்டின் உள்விளிம்பைத் தள்ளி நிறுத்துகிறது. அங்கிருந்து வாயு காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடியும். உப்பளத்தில் கால்வாய்த் தண்ணீர் மடை திறந்த இடத்தில் மட்டும் பாத்திக்குள் பாய்வதைப் போல, விண்மீன் பரப்பில் சில இடங்களில் மட்டும் வாயு கொட்டுகிறது. இந்தச் சித்திரம் முதலில் நியூட்ரான் விண்மீன்களுக்காக வரையப்பட்டது. 1979இல் அதன் கணக்கை விரிவாகப் போட்டவர்கள் பிரணாப் கோஷும் ஃபிரடெரிக் லாம்பும். கோஷ் பிறகு மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார். 1991இல் ஆரியே கோனிகல் அதை டி டாரி விண்மீன்களுக்குப் பொருத்தினார்.

அப்படியானால் கொட்டும் இடத்தில் அந்த முப்பது லட்சம் டிகிரிச் சூடு இருக்கத்தானே வேண்டும்? காந்த வெடிப்புகளின் இரைச்சலுக்கு அடியில் அது எங்கே ஒளிந்திருக்கிறது? இதற்குப் பதில் ரிஷபத்திலும் கிடைக்கவில்லை, ஓரியனிலும் கிடைக்கவில்லை. பங்குனிக் கடைசியில் இரவு பத்து மணி வாக்கில் நம் கடற்கரையிலிருந்து தெற்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதி உயரத்தில் நிற்கும் ஒரு தனி விண்மீனில் கிடைத்தது. டிடபிள்யூ ஹைட்ரே.

அதன் தனிமைதான் அதன் சிறப்பு. 1983இல் ருசின்ஸ்கியும் கிராட்டரும் அதை டி டாரி வகை என்று அடையாளம் கண்டபோது பலருக்கும் குழப்பம், ஏனென்றால் பக்கத்தில் பிறந்த மேகமே இல்லை. வயது சுமார் ஒரு கோடி ஆண்டு. அந்த வயதில் பெரும்பாலான விண்மீன்கள் வட்டைத் தொலைத்திருக்கும், இது தொலைக்கவில்லை. தொலைவு 200 ஒளியாண்டுக்கும் குறைவு, அதனால் தெளிவாகத் தெரியும். வட்டும் நம்மை நோக்கித் தட்டுப்போல் முகம் காட்டி நிற்கிறது, ஆகவே குறுக்கே மறைக்கத் தூசியில்லை. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் எம். வி. மெக்கடன் இதன் ஒளி மாற்றத்தையும் ஒளியின் முனைவாக்கத்தையும் அளந்து 1998இல் ஐரோப்பிய ஆய்விதழில் எழுதினார். சந்திரா ஏறுவதற்கு முந்தைய ஆண்டு. நம்மூர் வானியலில் இத்தகைய பொறுமையான ஒளியளவைகள் நிறைய உண்டு, அவற்றை யாரும் கொண்டாடுவதில்லை.

2002இல் ஜோயல் காஸ்ட்னர் குழு சந்திராவின் நிறமாலைக் கருவியில் பிரித்த டிடபிள்யூ ஹைட்ரேவின் எக்ஸ் கதிரை வெளியிட்டது. ஆதிக்கம் செலுத்திய வெப்பநிலை சுமார் முப்பது லட்சம் டிகிரி. பள்ளிக்கூடக் கணக்கு சொன்ன அதே எண்! ஆனால் வெப்பநிலை ஒத்துப்போவது மட்டும் சாட்சியாகாது. மென்மையான காந்த ஒளிர்வும் அந்தச் சூட்டில் இருக்க முடியும். தீர்ப்புச் சொன்னது அடர்த்தி.

எங்கோ ஏறக்குறைய 200 ஒளியாண்டு தொலைவில் உள்ள வாயுவின் அடர்த்தியை எப்படி அளப்பது? இரண்டு எலக்ட்ரான் மட்டும் மிச்சமிருக்கும் அயனி, நியானாக இருந்தாலும் ஆக்சிஜனாக இருந்தாலும், மூன்று கோடுகளை அருகருகே விடும். அவற்றில் ஒன்று மிகவும் சாவகாசமானது. எலக்ட்ரான் அந்த நிலையில் கொஞ்சநேரம் தங்கியிருந்துதான் இறங்கும். இடம் காலியாக இருந்தால் அது நிதானமாக இறங்கிக் கோடு பளிச்சென்று வரும். நெரிசலாக இருந்தால், இறங்குவதற்குள் இன்னொரு எலக்ட்ரான் வந்து மோதி அதை அடுத்த நிலைக்குத் தள்ளிவிடும். அந்தக் கோடு மங்கும், பக்கத்துக் கோடு கூடும். 1969இல் ஆலன் கேப்ரியலும் கரோல் ஜோர்டனும் சூரியனுக்காகக் கண்டுபிடித்த உத்தி இது. டிடபிள்யூ ஹைட்ரேவில் சாவகாசக் கோடு மங்கிக் கிடந்தது. கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் கோடி எலக்ட்ரான். சாதாரண விண்மீன் ஒளிர்வட்டத்தில் இருப்பதைவிட நூறு, ஆயிரம் மடங்கு நெரிசல். காந்த வளையத்தில் இவ்வளவு அடர்த்தி இயல்பல்ல. கொட்டிக் குவியும் வாயுவில்தான் உண்டு. எல்லோரும் இல்லையென்று ஒதுக்கிய சூடு அகப்பட்டுவிட்டது.

அதே நிறமாலையில் இன்னொன்றும் இருந்தது. நியான் அளவுக்கு மீறியும் இரும்பு மிகக் குறைவாகவும் இருந்தன. நியான் எதோடும் சேராத வாயு. இரும்பும் சிலிக்கனும் தூசியாகி, கல்லாகி, வட்டிலேயே தங்கிவிடும். அவை தங்கிவிட்டதால் விண்மீன்மேல் விழும் வாயுவில் நியான் தூக்கலாகத் தெரிகிறது என்று ஒரு விளக்கம் வந்தது. அதை நம்பினால், எக்ஸ் கதிரில் நாம் பார்த்தது கோள்களுக்கான கல் சேர்ந்துகொண்டிருப்பதன் மறுபக்கம். எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. இளமையிலேயே காந்தம் துடிப்பான பல விண்மீன்களில் நியான் எப்படியும் கூடுதலாகத்தான் தெரியும் என்ற எதிர்வாதத்தையும் தள்ளிவிட முடியாது. 2010இல் நான்சி பிரிக்ஹவுஸ் குழு ஐந்து லட்சம் நொடிக்குக் கிட்டத்தட்ட சந்திராவைக் குவித்துப் பார்த்த முடிவை வெளியிட்டு இன்னொரு சிக்கலையும் சேர்த்தது. கொட்டும் இடத்தைச் சுற்றிலும் அதைவிடப் பெரிய பரப்பில் சூடான வாயு பரவியிருக்கிறது. விழும் வாயு சும்மா நின்றுவிடாமல் விண்மீனின் ஒளிர்வட்டத்துக்கே தீனி போடுகிறது போலும்.

டிடபிள்யூ ஹைட்ரே நிதானமாக உண்ணும் விண்மீன். வாரிவாரி உண்ணும் விண்மீனில் என்ன நடக்கும்? அதற்கான சந்தர்ப்பம் தானாக வந்தது.

2004 ஜனவரியில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜே மெக்நீல் என்ற அமெச்சூர் வானியலர் தன் மூன்று அங்குலத் தொலைநோக்கியில் ஓரியனின் எம் 78 ஒண்முகிலைப் படமெடுத்தார். பழைய படங்களில் இல்லாத ஓர் ஒளிப்படலம் அதில் இருந்தது. ஹைண்டின் கதை மறுபடி நடந்ததைப் போல, படலத்துக்குள் ஒளிந்திருந்த இளம் விண்மீன் திடீரென்று பொங்கியிருந்தது. அதற்கு வி1647 ஓரியோனிஸ் என்று பெயரிட்டார்கள். அது 1966இலும் ஒரு முறை பொங்கியிருந்ததை அந்தக் காலத்து எம் 78 படமொன்று காட்டிக்கொடுத்தது. விண்மீன் தன் வட்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு பூமி, அதற்கு மேலும்கூட என்ற அளவில் வாரிக்கொண்டிருந்தது.

உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இரண்டு மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. குளிருக்கும் உயரத்துக்கும் அஞ்சி யாரும் அங்கே இரவெல்லாம் உட்கார வேண்டியதில்லை. பெங்களூரு அருகே ஹொசகோட்டையிலிருந்தே செயற்கைக்கோள் வழியாக அதை இயக்குகிறார்கள். அதற்கும் பெயர் சந்திரா, இமயச் சந்திரா. 2004இல் மும்பை டாடா நிறுவனத்தின் டி. கே. ஓஜா குழு இந்தத் தொலைநோக்கியிலும் மவுண்ட் அபுவின் 1.2 மீட்டர் தொலைநோக்கியிலும் வி1647ஐ மாதக்கணக்கில் பின்தொடர்ந்தது. கண்ணொளியிலும் அகச்சிவப்பிலும் பொங்கல் எப்படி அடங்குகிறது என்று அளந்தது. மேலே இன்னொரு சந்திரா அதே விண்மீனை எக்ஸ் கதிரில் பார்த்தது. திருவல்லிக்கேணிப் பள்ளியில் படித்த ஒருவரின் பெயரில் தரையில் ஒன்றும் வானில் ஒன்றுமாக இரண்டு கருவிகள் ஒரே விண்மீனைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமை உண்டு. மறைப்பானேன்.

வானத்துச் சந்திராவுக்கு ஓர் அதிர்ஷ்டமும் இருந்தது. 2002 நவம்பரில் வேறு வேலையாக அதே பகுதியை அது படமெடுத்திருந்தது. அப்போது இந்த விண்மீன் எக்ஸ் கதிரில் மங்கல் புள்ளி. 2004 மார்ச்சில் பார்த்தால் ஐம்பது மடங்கு பிரகாசம். பொருள் விழுவது கூடியதும் எக்ஸ் கதிரும் கூடியது. பொங்கல் அடங்கியதும் கதிரும் அடங்கியது. 2008இல் விண்மீன் மறுபடி பொங்கியபோது கதிரும் மறுபடி எழுந்தது. விழுவதற்கும் கதிருக்கும் தொடர்பில்லை என்ற பழைய தீர்ப்பு இங்கே செல்லாது.

ஆனால் வெப்பநிலை? ஐந்து கோடி டிகிரி! விழும் வேகத்தால் ஒருநாளும் எட்ட முடியாத சூடு. விழுவது தூண்டுகிறது, ஆனால் சுடுவது காந்தம். இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்பதை 2012இல் கென்ஜி ஹமகுச்சி குழு ஓரளவு அவிழ்த்தது. சுசாகு, எக்ஸ்எம்எம், சந்திரா ஆகிய மூன்று செயற்கைக்கோள்களும் இந்த இரு பொங்கல்களிலும் பதினொரு முறை எடுத்த அளவீடுகளை அடுக்கிப் பார்த்தால், எக்ஸ் ஒளி ஒரு நாளுக்கு ஒரு முறை ஏறி இறங்கியது. விண்மீன் நாளுக்கொரு முறை சுழல்கிறது. சூரியனைவிட ஐந்து மடங்கு பெருத்த உடம்போடு அவ்வளவு வேகமாகச் சுழன்றால் சிதறிப்போகும் எல்லை பக்கத்தில்தான் இருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு சுடுபுள்ளிகள், கொட்டும் வாயுவின் அடியில். விண்மீன் ஒரு வேகத்தில் சுழல, வட்டு வேறு வேகத்தில் சுழல, இரண்டையும் பிணைக்கும் காந்தக் கோடுகள் முறுக்கேறி அறுகின்றன. கூடுதலாகப் பொருள் நெருங்கி வரும்போது முறுக்கும் கூடுகிறது. இரண்டாவது பொங்கலைத் தரையிலிருந்து நான்கரை ஆண்டு விடாமல் பார்த்தது மறுபடியும் இமயச் சந்திராதான். ஜோ நினன், ஓஜா குழுவினரின் அந்தக் கட்டுரை 2013இல் வந்தது. அதில் புணே அருகேயுள்ள மீட்டரலை வானொலித் தொலைநோக்கியும் சேர்ந்துகொண்டது.

ஆக, நாற்பது ஆண்டு வழக்கில் இரு தரப்பும் பாதி வென்றன. கடுமையான கதிர் காந்தத்துடையது. மென்மையான கதிரில் ஒரு பங்கு விழும் வாயுவுடையது. பெருவாரியான விண்மீன்களில் காந்தத்தின் பங்கே அதிகம். டிடபிள்யூ ஹைட்ரே போன்ற சிலவற்றில் மட்டும் விழும் வாயு முன்னே நின்று தெரிகிறது.

சந்திரசேகரின் மூன்றாவது வருகையைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது, இந்த முறை பெயராக அல்ல, கணக்காக. வட்டிலுள்ள வாயு ஏன் விழ வேண்டும்? கோள்கள் சூரியன்மேல் விழுவதில்லையே. சுழலும் வாயு தன் சுழற்சியை யாருக்காவது கொடுத்துவிட்டால்தான் உள்ளே இறங்க முடியும். யாருக்குக் கொடுப்பது? 1959இல் ருஷ்யாவில் வெலிகோவும் 1960இல் சிகாகோவில் சந்திரசேகரும் தனித்தனியே ஒரு விஷயத்தைக் காட்டியிருந்தார்கள். உட்புறம் வேகமாகவும் வெளிப்புறம் மெதுவாகவும் சுழலும் மின்கடத்தும் பாய்மத்தில் சிறிதளவு காந்தப்புலம் இருந்தாலே ஓட்டம் நிலைகுலையும். இரண்டு உருளைகளுக்கு நடுவே சுழலும் திரவத்துக்கான கணிதம் அது. விண்மீன் வட்டு அதில் இல்லை. முப்பது ஆண்டு அது நூலகத் தட்டிலேயே கிடந்தது. 1991இல் ஸ்டீவன் பால்பஸும் ஜான் ஹாலியும் அதே நிலைகுலைவு வட்டுகளிலும் நடக்கும், அதனால் சுழற்சி வெளியே போகும், வாயு உள்ளே வரும் என்று காட்டினார்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. வாயு மின்சாரத்தைக் கடத்த வேண்டும். கோள் பிறக்கும் வட்டோ குளிர்ந்து கிடக்கிறது, அணுக்கள் எலக்ட்ரானை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. யார் அவற்றைத் தட்டிப் பறிப்பது? 1997இல் ஆல்ஃப்ரெட் கிளாஸ்கோல்ட் குழு பதில் கொடுத்தது: விண்மீனின் எக்ஸ் கதிர். வட்டின் மேற்பரப்பில் படும் கதிர் எலக்ட்ரான்களை உதிர்க்கிறது, வாயு காந்தத்துக்குக் கட்டுப்படுகிறது, ஓட்டம் தொடங்குகிறது. விண்மீன் தன் சாப்பாட்டைத் தானே வரவழைத்துக்கொள்கிறது என்று கிட்டத்தட்டச் சொல்லலாம். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் கணினிக் கணக்குகள் இந்த அழகான சித்திரத்தைக் கொஞ்சம் கலைத்துவிட்டன. வட்டின் நடுப்பகுதியில் கடத்தும் தன்மை போதவில்லை, சுழற்சியைக் கொண்டுபோவதில் காந்தக் காற்றுகளுக்குத்தான் பெரும்பங்கு என்கிறார்கள். அந்தக் காற்றைக் கிளப்பவும் அயனிகள் தேவை என்பதால் எக்ஸ் கதிருக்கு வேலை போய்விடவில்லை. அது போதாதென்று, வட்டின் மேல்வாயுவைச் சூடேற்றி வெளியே ஓட்டிவிடுவதும் அதே கதிர்தான். வரவழைப்பதும் துரத்துவதும் ஒன்றே. சில பத்து லட்சம் ஆண்டுகளில் துரத்துவது கை ஓங்க, வட்டு கரைந்து போகிறது. அதற்குள் உருவான கோள்கள் தப்பின, பூமியைப் போலவே.

நம் நாட்டுக்கென்று ஒரு எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி வந்தது 2015 செப்டம்பர் 28இல். நம் கடற்கரைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் கிளம்பியது. அதன் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை டாடா நிறுவனம் செய்தது. ஒளிபிடிக்கும் கேமரா இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. கூடவே புறஊதாத் தொலைநோக்கியும் இருந்ததால், ஒரே விண்மீனை இரு வகை ஒளியில் ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தது. விழும் வாயு பெரும்பகுதி ஆற்றலைப் புறஊதாவில்தான் விடுகிறது என்பதால் இளம் விண்மீன்காரர்களுக்கு இது பெரிய வசதி. ஆஸ்ட்ரோசாட்டின் முழுக் கதையைச் சொல்ல ஓர் இதழ் போதாது. அதற்கு முன் ஜவ்வாது மலை ஏற வேண்டியிருக்கிறது. அடுத்த இதழில் காவலூர், 1968, வேணு பாப்பு மரக்கூட்டத்துக்கு நடுவே வைத்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி.